ஏ2 போதும், உடனே கிளம்புன்னு சொல்றாங்க: ஜெர்மனி போற நர்ஸ்களுக்காக ஒரு எபிசோடு

(எபிசோடில் பேசியதைப் படிக்க வசதியாகக் கொஞ்சம் திருத்திக் கொடுத்திருக்கிறோம்.)

போன எபிசோடுல ஐடி வேலைக்கு ஜெர்மனி போறதைப் பத்திப் பேசினோம் இல்லையா, அதுக்கு வந்த மெசேஜ்ல பாதிக்கு மேல ஐடி ஆளுங்க அனுப்பினது இல்ல. நர்ஸ்கள், இல்லன்னா நர்ஸோட தம்பி, நர்ஸோட வீட்டுக்காரர். "எங்களுக்கும் இதே ரூட்தானே ப்ரோ?"ன்னு கேட்டிருந்தாங்க. இல்லீங்க. ரூட்டே வேற.

என்னை மாதிரி ஒரு சாஃப்ட்வேர் எஞ்சினியர் ஜெர்மன் மொழியில ஒரு வார்த்தை தெரியாம ப்ளூ கார்டு வாங்கிடலாம். டிகிரியோ அதுக்கு ஈடான ஐடி வேலை அனுபவமோ இருக்கணும், ஆஃபர் லெட்டர் இருக்கணும், சம்பளம் அவங்க சொல்ற அளவுக்கு மேல இருக்கணும். நான் நல்லா கோடு எழுதுவேனான்னு எந்த அரசாங்கமும் பரிட்சை வைக்காது. ஆனா நர்ஸிங் அங்க ஒழுங்குபடுத்தப்பட்ட தொழில். உங்க படிப்பை அந்த மாநில அரசு ஆணையம் பார்த்து, எங்க ஊர் படிப்புக்குச் சமம்னு ஒத்துக்கிட்டாத்தான் நீங்க அங்க நர்ஸ். இதுக்குப் பேரு 'அனெர்கென்னுங்', அங்கீகாரம். ஜெர்மனியில 16 மாநிலம். எந்த மாநிலத்துல வேலையோ, பொதுவா அந்த மாநிலத்துலதான் விண்ணப்பம் போடணும். பேப்பர் வேலை ஒரே மாதிரி இருக்காது.

இந்தச் சமம் எப்படிப் பாக்குறாங்க? இங்கதான் நம்ம ஆளுங்க நிறைய பேர் அசந்துபோறாங்க. ஜெர்மனியில நர்ஸ் பயிற்சி மூணு வருஷம்: 2100 மணி நேரம் வகுப்பு, 2500 மணி நேரம் நேரடிப் பயிற்சி. உங்க டிரான்ஸ்கிரிப்டை வச்சு, எந்தப் பாடத்துல எத்தனை மணி நேரம், எந்த வார்டுல எத்தனை மணி நேரம்னு ஒப்பிட்டுப் பாப்பாங்க. நீங்க நாலு வருஷம் பி.எஸ்சி. நர்ஸிங் முடிச்சிருந்தாலும் முதியோர் பராமரிப்புல மணி நேரம் குறையுதுன்னு எழுதிடலாம். நம்ம ஊர்ல அது தனிப் பிரிவா பெருசா வளரவே இல்லையே. அதனால 'டெஃபிஸிட்பெஷைட்'னு ஒரு கடிதம் வரும். இன்னின்ன குறை இருக்கு, சரி பண்ணுன்னு. வந்தா பயப்படாதீங்க, நம்ம ஊர் நர்ஸ்களுக்கு அது சகஜம். ஆனா காலேஜ்ல இருந்து டிரான்ஸ்கிரிப்ட் வாங்கும்போதே வார்டு வாரியா மணி நேரம் போட்டு வாங்குங்க. வேலை பார்த்த ஆஸ்பத்திரியில எக்ஸ்பீரியன்ஸ் சர்டிஃபிகேட் கேக்கும்போதும் "ஸ்டாஃப் நர்ஸ், 6 வருடம்"னு ஒத்தை வரியில வாங்காதீங்க. எந்த வார்டு, என்ன பொறுப்பு, எல்லாம் வேணும். அனுபவத்தை வச்சும் குறையை ஈடு பண்ண வாய்ப்பு இருக்கு.

குறையைச் சரி பண்ண ரெண்டு வழி. ஒண்ணு 'கென்ட்னிஸ்ப்ரூஃபுங்', அறிவுத் தேர்வு. வாய்மொழியா ஒரு பகுதி, நிஜ நோயாளியை வச்சுச் செய்முறையா ஒரு பகுதி. தோத்தா இன்னொரு வாய்ப்புதான். இன்னொண்ணு 'அன்பாஸுங்ஸ்லேர்காங்', இணைப்புப் பயிற்சி. குறைக்கு ஏத்த மாதிரி மாசக்கணக்குல போகும், கடைசியில பெரிய பரிட்சை இல்ல, ஒரு உரையாடல். எதை எடுக்கணும்னு முடிவு பண்ற உரிமை சட்டப்படி உங்களுக்குத்தான். நடைமுறையில ஆஸ்பத்திரி எதுக்கு ஏற்பாடு பண்ணியிருக்கோ அதுலதான் தள்ளுவாங்க. இதெல்லாம் முடிச்சு, கூடவே மொழியில பொதுவா பி2 சான்றிதழும் கொடுத்தாத்தான் லைசென்ஸ்.

அதுவரைக்கும்? அதுவரைக்கும் நீங்க உதவியாளர். இங்க ஐசியூவுல வென்டிலேட்டர் பார்த்தவங்களா இருந்தாலும் அங்க உதவியாளர்தான்.

என் பெரியம்மா பொண்ணு, மார்த்தாண்டத்துக்காரங்க, சென்னையில ஒரு தனியார் ஆஸ்பத்திரியில 6 வருஷம் ஐசியூ. 2022ல ஸ்டுட்கார்ட் பக்கம் போனாங்க. முதல் வாரம் போன்ல சொன்னது இதுதான்: "டேய், காலையில ஏழு பேரைக் குளிப்பாட்டி விட்டேன்டா. ஐவி கையில தொடவே விடல." அது ஏன்னா, அங்க குளிப்பாட்டுறது, துடைக்கிறது, சாப்பாடு ஊட்டுறது எல்லாமே நர்ஸ் வேலைக்குள்ளயே வரும். இங்க அதைக் கூட இருக்குற சொந்தக்காரங்களோ ஆயாம்மாவோ பாத்துக்குவாங்க. மறுபக்கம், ஊசி போட்டு லைன் ஏத்துறது, ரத்தம் எடுக்குறதுன்னு இங்க நர்ஸ் கண்ணை மூடிக்கிட்டுச் செய்றதெல்லாம் அங்க பல இடத்துல டாக்டர் வேலை. இதை அவமானம்னு எடுத்துக்கிட்டு ஆறே மாசத்துல திரும்பி வந்தவங்க இருக்காங்க. அக்கா எடுத்துக்கல. ஆனா, "தெரிஞ்ச வேலையைத் தெரியாத மாதிரி நிக்கிறது கஷ்டம்டா"ன்னு சொன்னாங்க. எனக்கு அது நியாயமாத்தான் பட்டுச்சு.

அவங்களுக்கு அதைவிடப் பெரிய பயம் எது தெரியுமா? வார்டு போன். பி2 பாஸ் பண்ணிட்டுப் போனவங்க. எதிர்ல நிக்கிறவங்க பேசினா முகம், கை எல்லாம் பார்த்துப் புரிஞ்சுக்கலாம். போன்ல லேபுக்காரர் அந்த ஊர் ஸ்வேபியன் பேச்சுல பொட்டாசியம் அளவு சொன்னா? ரெண்டு மாசம் போன் அடிச்சா பாத்ரூம் பக்கம் போயிடுவாங்களாம்.

இப்ப நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வரேன். தேனியில இருந்து ஒரு சிஸ்டர் மெசேஜ் பண்ணியிருந்தாங்க. வயசு 27, ஏ2 முடிச்சிருக்காங்க. ஒரு ஏஜென்சி, "ஏ2 போதும்மா, புது சட்டம் வந்திருக்கு, மூணு மாசத்துல ஃப்ளைட்"னு சொல்லியிருக்கு. மூன்றரை லட்சம் கேக்குறாங்க. அப்பா நகையை அடகு வைக்கக் கிளம்பிட்டார். போகலாமா அண்ணா?

ஏஜென்சி சட்டம் பத்திச் சொன்னது பொய் இல்ல. 2024 மார்ச்ல இருந்து 'அங்கீகாரக் கூட்டாண்மை'ன்னு ஒரு வழி இருக்கு. ஏ2 மொழியோட உள்ள போய், வேலை பார்த்துக்கிட்டே அங்கீகார வேலையை அங்க முடிக்கலாம். கதவு நிஜமாவே திறந்திருக்கு. உள்ள போன அப்புறம் எவ்வளவு நாள் வாசல்லயே நிக்கணும்னுதான் யாரும் சொல்றதில்ல.

ஒரு கணக்கு போடுவோம். முதியோர் பராமரிப்புல 2025 ஜூலையில அமலுக்கு வந்த குறைஞ்சபட்சக் கூலி, லைசென்ஸ் உள்ள நர்ஸுக்கு மணிக்கு 20.50 யூரோ. பயிற்சி இல்லாத உதவியாளருக்கு 16.10. வித்தியாசம் 4.40. மாசம் 173 மணி நேரம்னா 760 யூரோ, கிட்டத்தட்ட 75,000 ரூபாய், வரிக்கு முன்னாடி. ஒவ்வொரு மாசமும். ஏ2-ல இருந்து பி2 வரைக்கும் ஷிஃப்ட் முடிச்சிட்டு, கால் வலியோட, ராத்திரி உக்காந்து படிக்கணும். ஒண்ணுமே தெரியாத இடத்துல இருந்து பி2 வர 600ல இருந்து 800 பாடவேளை ஆகும்னு ஒரு பொதுக் கணக்கு உண்டு. ஏ2-ங்கிறது அதுல பாதியைக்கூடத் தாண்டாத இடம். வேலை பார்த்துக்கிட்டு மிச்சத்தை முடிக்க ஒன்றரை வருஷம் ஆனா, அந்த வித்தியாசமே 13,000 யூரோவைத் தாண்டிடும்.

இன்னொரு கடிகாரமும் ஓடும், இல்ல, ஓடாம நிக்கும். நிரந்தரக் குடியிருப்பு உரிமைக்கு, லைசென்ஸ் வாங்கின திறன்மிகு பணியாளர் விசாவுல மூணு வருஷம் இருக்கணும். அங்கீகாரத்துக்காகக் காத்திருக்குற காலம் அந்த மூணு வருஷக் கணக்குல சேராது.

அதனால சிஸ்டர், என் கருத்து: பி2-வை இங்கயே முடிங்க, குறைஞ்சது பி1-ஆவது. "ஹாஸ்டல் வாடகை, கிளாஸ் ஃபீஸ், வேலையை விட்டா வருமானம் இல்ல"ன்னு நீங்க சொல்வீங்க. தெரியும். அக்கா வேலையில இருந்துகிட்டே 14 மாசம் சாயங்கால கிளாஸ் போனாங்க. நைட் டியூட்டி கேட்டு வாங்கினாங்க. போன எட்டாவது மாசம் தேர்வு பாஸ் பண்ணி லைசென்ஸ் வாங்கிட்டாங்க. அவங்க கூட அதே ஃப்ளைட்ல போன ஒரு பொண்ணு, பி1-ஓட போனது, ரெண்டாவது வருஷமும் உதவியாளராத்தான் இருந்துச்சு. கெட்டிக்காரப் பொண்ணு. நேரம்தான் கிடைக்கல.

அந்த மூன்றரை லட்சம். இந்தியச் சட்டப்படி பதிவு பெற்ற ஏஜென்ட் உங்ககிட்ட வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் 18 சதவீத ஜிஎஸ்டியும். மொத்தம் 35,400. உங்ககிட்ட கேக்குறது பத்து மடங்கு. "இது சர்வீஸ் சார்ஜ் இல்லம்மா, டிரெயினிங், டாக்குமென்டேஷன்"னு பேரை மாத்துவாங்க. எந்தப் பேர்ல வாங்கினாலும் ரசீது கேளுங்க, எதுக்குன்னு எழுதித் தரச் சொல்லுங்க. பாதிப் பேர் அங்கயே பின்வாங்குவாங்க. இ-மைக்ரேட் தளத்துல பதிவு பெற்ற ஏஜென்ட் பட்டியல் இருக்கு, பேரைப் போட்டுப் பாருங்க. ஜெர்மனி பக்கம் நர்ஸ் ஆள்சேர்ப்புக்கு 'நியாயமான ஆள்சேர்ப்பு'ன்னு அரசு தர முத்திரை ஒண்ணு இருக்கு. அது வாங்கின ஏஜென்சி நர்ஸ்கிட்ட காசே வாங்கக்கூடாது, செலவு முதலாளியோடது. கேரளாவோட நோர்கா, ஜெர்மன் அரசு அமைப்புகளோட சேர்ந்து நடத்துற 'ட்ரிபிள் வின்' திட்டமும் அப்படித்தான். நம்ம ஊர்ல கிண்டியில இருக்குற தமிழ்நாடு அரசு அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தோட அறிவிப்புகளையும் பாத்துக்கிட்டே இருங்க. அப்பாகிட்ட நகையை உள்ள வைக்கச் சொல்லுங்க.

முதலாளி செலவு பண்றாங்கன்னா ஒப்பந்தத்துல பதிலுக்கு ஒரு வரி இருக்கும்: இத்தனை வருஷத்துக்குள்ள விலகினா இவ்வளவு திருப்பிக் கட்டணும்னு. மூணு விஷயம் பாருங்க: தொகை எவ்வளவு, மாசா மாசம் குறையுதா, அவங்களே வேலையை விட்டு அனுப்பினாலும் நீங்கதான் கட்டணுமா. ஜெர்மன் மொழியில மட்டும் இருக்குற பேப்பர்ல கையெழுத்துப் போடாதீங்க. அங்க போன அப்புறம் சிக்கல்னா 'ஃபேர் இன்டக்ரேஷன்'னு ஒரு ஆலோசனை அமைப்பு இருக்கு, வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு வேலைச் சட்டம் பத்தி இலவசமா உதவுவாங்க. நம்பரை இங்க இருக்கும்போதே போன்ல சேவ் பண்ணிக்கோங்க.

அக்கா இப்ப மறுபடியும் ஐசியூவுலதான் இருக்காங்க. அடுத்த மாசம் லீவுல ஊருக்கு வராங்க, மைக் முன்னாடி உக்கார வைக்கிறதா பிளான். கென்ட்னிஸ்ப்ரூஃபுங் செய்முறைத் தேர்வு அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு அவங்க வாயாலயே கேக்கலாம். கேள்வி இருந்தா இப்பவே அனுப்புங்க, தேனி சிஸ்டர், நீங்களும்தான்.