வெடித்த புளொக்



நம் கொழுந்து லொறியின் எஞ்சின் புளொக் வெடித்ததும், சாரதியின் சம்பளத்தில் பிடிப்போம் என்றார்கள். ரேடியேட்டர் ஒழுகுவதை அவர் முன்னரே எழுதிக் கொடுத்திருந்தார், பிரதியும் வைத்திருந்தார். அதைக் காட்டிப் பேசினோம், பிடித்தம் நின்றது. கொதித்த எஞ்சினில் ஓடைத் தண்ணீரை ஊற்றியது தவறுதான். ஆனால் கொழுந்தோடு நடு ஏற்றத்தில் நின்றவர் வேறென்ன செய்வார்?

லொறி நின்றால் கொழுந்து வீணாகும், நம் பேரும் குறையும். ஆகவே வேர்க்ஷொப் தோழர்கள் ஒட்டிப் பார்க்கிறோம் என்றார்கள். வார்ப்பிரும்பில் கரி அதிகம். சாதாரண வெல்டிங் கம்பியால் அவசரமாக ஒட்டினால் பக்கத்திலேயே மறுபடி வெடிக்கும். வெடிப்பு மேலும் ஓடாதபடி இரு நுனியிலும் சிறு துளை போட்டார்கள். வெடிப்பை வாய்க்கால் போல அராவி, சூடு காட்டி எண்ணெயைப் போக்கினார்கள். பிறகு நிக்கல் கம்பியால் ஓர் அங்குலம் ஒட்டுவது, சூட்டோடு சுத்தியலால் மெல்லத் தட்டுவது, கை வைக்குமளவு ஆறிய பிறகே அடுத்த அங்குலம். இரண்டு நாள் பிடித்தது. லொறி இப்போது ஓடுகிறது.

அந்த இரண்டு நாளும் அடைத்த கொட்டிலில், முகமூடியின்றி நிக்கல் புகையைச் சுவாசித்தார்கள். அது நெஞ்சுக்குக் கேடு. முகமூடியும் புகை போக வழியும் கேட்டு நிர்வாகத்துக்கு எழுதிவிட்டோம். இம்முறையும் பிரதி நம்மிடம் இருக்கிறது.