சுத்தம் செய்யும் வேலையும் சரிபார்க்கும் முறையும்

(நமது நிதியத்தின் கூட்டமொன்றில், யாழ்ப்பாணக் குடாநாட்டு வைத்தியசாலை ஒன்றில் துப்புரவு மேற்பார்வையாளராகப் பணிபுரியும் அன்பர் ஆற்றிய உரை)



நானும் லயத்துக் காம்பராவில் பிறந்தவன்தான். இன்றைக்கு நம்ம பிள்ளைகள் பலர் ஆஸ்பத்திரி, வங்கி, கந்தோர் என்று கொந்தராத்துக் கம்பெனிகள் மூலமாகத் துப்புரவு வேலைக்குப் போகிறார்கள். "கூட்டுற வேலைதானே" என்று சிலர் இளக்காரமாகச் சொல்றாங்க. 1847ஆம் ஆண்டு வியன்னா நகரத்து ஆஸ்பத்திரியில் செம்மல்வைஸ் என்ற டாக்டர், குளோரின் கலந்த தண்ணீரில் கை கழுவச் செய்தே பிரசவத் தாய்மாரின் மரணத்தைப் பெருமளவு குறைத்தார். அதே ஆண்டில்தான் டாக்டர் கிறீன் யாழ்ப்பாணத்துக்கு வந்தார். பின்னாளில் மானிப்பாயில் தமிழிலேயே வைத்தியம் படிப்பித்தவர் அவர். ஆகவே சுத்தம் என்பது உயிர் சம்பந்தப்பட்ட காரியம்.

குடாநாட்டில் இன்னுமொரு விசேஷம் உண்டு. அங்கே மலைநாட்டைப் போல ஓடையும் ஆறும் கிடையாது. நிலத்தின் அடியில் சுண்ணாம்புக்கல். கிணற்றுத் தண்ணீர்தான் ஆதாரம். மேலே கண்டபடி ஊற்றும் அழுக்குத் தண்ணீர் கல்லின் வெடிப்பு வழியே கிணற்றுக்குப் போய்விடும். வாளியை எங்கே கொட்டுகிறோம் என்பதையும் அதனால் பார்க்க வேண்டியிருக்கிறது.

நான் கண்ட ஒரு சம்பவத்தைச் சொல்றேன். ஒரு வார்ட்டின் மலசலகூடத்தில் நாற்றம் போகவேயில்லை. முறைப்பாட்டுக்கு மேல் முறைப்பாடு. கதவில் மாட்டிய தாளிலோ எல்லா மணித்தியாலத்துக்கும் சரி அடையாளம்! உற்றுப் பார்த்தால் எல்லாம் ஒரே பேனா, ஒரே சாய்வு. காலையிலேயே மொத்தமாகப் போட்டு முடித்திருக்கிறார்கள். கம்பெனிக்காரர் உடனே அங்கே வேலை செய்த பிள்ளையை நிறுத்தப் பார்த்தார். தோட்டத்துப் பிள்ளைதான் அது.

நான் ஒரு நாள் பொறுக்கச் சொல்லிவிட்டு, கூடவே நின்று பார்த்தேன். இரண்டு வார்டுக்கும் மலசலகூடத்துக்கும் சேர்த்து ஒரே ஒரு மொப். குளோரினை அளக்கக் கோப்பை இல்லை, கைக்கணக்குத்தான். முதல் நாள் கலக்கிய கரைசலை மறுநாளும் பாவித்தார்கள். அது வெயிலில் திறந்து கிடந்தால் வீரியம் போய்விடும். சவர்க்காரத்தால் அழுக்கைக் கழுவாமல் அதன் மேலேயே குளோரினை ஊற்றினாலும் பலனில்லை. இதிலே அந்தப் பிள்ளையின் குற்றம் எங்கே?

நீங்கள் அறிந்த விஷயம்தான். கொழுந்து முத்தலாக வந்தால் எடுத்தவளைத் திட்டுவார்கள். ரவுண்ட் பிந்தினால் யார் கிள்ளினாலும் முத்தல்தானே வரும்?

நாங்கள் செய்தது இவ்வளவுதான். மலசலகூடத்துக்கு வேறு நிற மொப். 100க்கு 5 பங்கு குளோரின் உள்ள திரவத்தில் 1 கோப்பைக்கு 9 கோப்பை தண்ணீர், தினமும் புதிதாக. அமிலம் சேர்ந்த கழுவும் திரவத்தோடு மட்டும் குளோரினைக் கலக்கவே கூடாது, நச்சுப் புகை வரும். சரி அடையாளம் போடுவது தாதியிடம் போனது. ஒரு வாரம் கழித்துத் திரும்பவும் பார்த்தோம். இந்தத் திரும்பப் பார்ப்பதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். நாற்றம் போயிருந்தது, பிள்ளையும் வேலையில் இருந்தாள்.

ஆனால் அந்த மாதம் அவள் சம்பளத்தில் "குறைபாட்டுக் கழிவு" என்று பிடித்திருந்தார்கள். ஆஸ்பத்திரி கம்பெனியின் பில்லில் வெட்டியதை, கம்பெனி பிள்ளையின் தலையில் இறக்கிவிட்டது. எழுதிக் கேட்ட பிறகுதான் திருப்பிக் கொடுத்தார்கள். எனக்கு இதுதான் நாற்றத்தைவிடப் பெரிய குறை.

ஆகவே பிள்ளையை அனுப்பும் பெற்றோரே, நியமனக் கடிதத்தையும் மாதாமாதம் சம்பளத் துண்டையும் வாங்கி வைக்கச் சொல்லுங்கள். சேமலாப நிதிக்கு அவர்கள் பங்கு 8 வீதம், முதலாளி பங்கு 12 வீதம். நம்பிக்கை நிதிக்கு முதலாளி 3 வீதம். துண்டில் இல்லாவிட்டால் பக்கத்துத் தொழில் திணைக்களக் காரியாலயத்தில் முறையிடலாம். கையுறையும் சப்பாத்தும் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். ஊசி குத்திவிட்டால் மறைக்காமல் அன்றைக்கே தாதியிடம் சொல்லிப் பதிய வேண்டும். வேலை போய்விடும் என்று பயந்து மறைத்த ஒரு பிள்ளையை எனக்குத் தெரியும். எங்களுக்குத் தெரிய வந்தது இரண்டு மாதம் கழித்துத்தான்.