தோற்கத் தெரிந்த நாடு



விளையாட்டில் பெரிது வெற்றியே என்று எதிரணித் தம்பி முழங்கிவிட்டுப் போயிருக்கிறார். "ஜெயிக்கத் தெரியாதவனுக்கு மைதானத்துல என்னய்யா வேலை?" என்று ஒரு கேள்வி. நீங்களும் கை தட்டினீங்க. தட்டுங்க, எனக்கும் கொஞ்சம் மிச்சம் வையுங்க. (சிரிப்பு)

தமிழ் வாத்தியாராச்சே, படைச்செருக்கு அதிகாரத்தைத் தூக்கிக்கிட்டு வருவார்னு தம்பி தயாரா இருக்கார். நான் அந்தப் பக்கமே வரலை. நான் போறது சான் மரினோவுக்கு. சுற்றிலும் இத்தாலி, நடுவிலே ஒரு மலை, அந்த மலைதான் நாடு. மக்கள் ஏறத்தாழ 34,000 பேர். நம்ம தேர்த் திருவிழாவுக்கு அதைவிடக் கூட்டம் வரும்.

அந்த ஊரில் கால்பந்துச் சங்கம் பிறந்தது 1931-இல். உலக அமைப்பான ஃபிஃபாவில் உறுப்பினர் ஆனது 1988-இல். 57 வருஷம்! சேர்ந்தார்கள், ஆடினார்கள், தோற்றார்கள். 2006-இல் ஜெர்மனி அவர்கள் சொந்த மைதானத்துக்கே வந்து 13 கோல் போட்டுவிட்டுப் போனது. 2014-இல் எஸ்டோனியாவோடு கோலே இல்லாமல் ஒரு சமநிலை கிடைக்கும் முன்னால் தொடர்ந்து 61 தோல்வி. நாட்டின் பரப்பளவு எவ்வளவு தெரியுமா? அதுவும் 61 சதுர கிலோமீட்டர். கிலோமீட்டருக்கு ஒண்ணு! (பலத்த சிரிப்பு)

சிரிச்சாச்சா? இப்போ கேளுங்க. அந்த ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் பகலில் வேலைக்கோ படிப்புக்கோ போய்விட்டு, மாலையில் பயிற்சிக்கு வருகிறவர்கள். 2016-இல் ஜெர்மனியிடம் எட்டு கோல் வாங்கினார்கள். ஜெயித்த அணியின் தாமஸ் முல்லர், இந்த மாதிரி ஆட்டத்துக்கும் தொழில்முறைக் கால்பந்துக்கும் சம்பந்தமே இல்லை என்று சலித்துக்கொண்டார். தம்பி கேட்ட அதே கேள்விதான், கோட்டு சூட்டு போட்டுக்கிட்டு வந்தது. சான் மரினோவின் ஆலன் காஸ்பெரோனி சும்மா இருக்கவில்லை. பத்துக் காரணம் அடுக்கி ஒரு திறந்த கடிதம் எழுதினார். கால்பந்து உங்கள் சொத்து இல்லை, அதை நேசிக்கிற எல்லாருக்கும் சொந்தம் என்பது அதில் ஒன்று. எட்டு கோல் வாங்கியவன் எழுதுகிறான் ஐயா! (கைதட்டல்)

1993-இல் போலோன்யா நகரில் இங்கிலாந்தோடு உலகக் கோப்பைத் தகுதி ஆட்டம். தொடங்கி 8.3 விநாடி. நான் ஒரு தும்மல் போட்டு மூக்கைத் துடைக்கிற நேரம். டேவிட் குவால்டியேரி பந்தை வலைக்குள்ளே தள்ளிவிட்டார்! கடைசியில் இங்கிலாந்து 7-1 என்று ஜெயித்தது. ஆனால் அந்த உலகக் கோப்பைக்கு இங்கிலாந்தும் போகவில்லை. அந்த ஏழை யார் ஞாபகம் வச்சிருக்காங்க? அந்த ஒன்றைத்தான் இன்னும் பேசுறாங்க.

2004-இல் லீக்டன்ஸ்டைன் நாட்டை ஒரு நட்பாட்டத்தில் 1-0 என வென்றார்கள். அதன் பிறகு 140 ஆட்டம், வெற்றியே இல்லை. 2024 செப்டம்பரில், அதே லீக்டன்ஸ்டைனுக்கு எதிராக நிக்கோ சென்சோலி என்ற 19 வயதுப் பையன் கோல் போட்டான். முந்தைய வெற்றி வந்தபோது அந்தப் பிள்ளை பிறக்கவே இல்லை! அவன் பிறந்து, நடந்து, பந்து உதைத்து வரும்வரை அணி கலையாமல் இருந்ததே, அதைச் சொல்லுங்க. நவம்பரில் லீக்டன்ஸ்டைன் ஊருக்கே போய் 3-1. வெளிநாட்டு மண்ணில் முதல் வெற்றி.

தம்பி அவசரமா ஏதோ குறிச்சுக்கிறார். "பார்த்தீங்களா, வெற்றியைச் சொல்லித்தானே முடிக்கிறார்"னு மடக்கப் போறார். மடக்குங்க தம்பி. அந்த 140 ஆட்டத்துக்கும் பூட்ஸ் மாட்டினவங்களையும் அந்தச் சீட்டுல சேர்த்து எழுதிக்கோங்க. நடுவர் மணியைத் தொட்டுட்டார். (கைதட்டல்)