எடைக்குப் போடும் முன் ஒரு நிமிடம்

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியது)

பார்க்கிங் பிரச்சினையைப் பேசி முடித்த கையோடு என்னைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். சுருக்கமாகவே சொல்கிறேன்.

போன மாதம் பி பிளாக் அக்கா ஒருவர், அப்பாவின் ஸ்டுடியோ சாமான்களைப் பழைய சாமான்காரரிடம் எடைக்குப் போட இருந்தார். மூட்டையில் கனமான பித்தளைக் குழாய் ஒன்று. இரு முனையிலும் கண்ணாடி, நடுவில் ஒரு வெட்டு. அந்த வெட்டில் துளையிட்ட தகடுகளைச் செருகித்தான் வெளிச்சத்தைக் குறைப்பார்கள். 1840இல் வியன்னாவில் பெட்ஸ்வால் கணக்குப் போட்டு உருவாக்கிய போர்ட்ரெய்ட் லென்ஸ் வகை அது. ஷட்டர் கிடையாது. மூடியைக் கழற்றி, எண்ணி, மூட வேண்டியதுதான். பித்தளை விலைக்குப் போயிருக்கும்!

கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுப் பார்ப்பார்களே, அந்தப் பெரிய கேமராவுக்கான லென்ஸ் இது. 19ஆம் நூற்றாண்டில் ஊட்டியில் ஸ்டுடியோ நடத்திய ஏ.டி.டபிள்யூ. பென், தோடர்களைப் படமெடுத்தது அப்படிப்பட்ட கேமராவில்தான். பிற்பாடு நம் ஊட்டியிலேயே இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் வந்தது. அங்கே எக்ஸ்ரே ஃபிலிமும் செய்தார்கள். விலை குறைவு என்பதால் இன்றைக்குப் பெரிய கேமரா வைத்திருப்பவர்கள் பலர் எக்ஸ்ரே ஃபிலிமில்தான் பழகுகிறார்கள்.

வாங்க ஆசைப்படுகிறவர்களுக்கு: 4க்கு 5 அங்குல ஃபிலிமின் மூலைக்கு மூலை சுமார் 160 மி.மீ. அவ்வளவு அகலத்துக்கு லென்ஸ் பிம்பம் விழ வேண்டும். இல்லையென்றால் மூலைகள் இருட்டாகும். ஷட்டர் உள்ள லென்ஸ் என்றால் ஒரு விநாடி வேகத்தில் வைத்து அழுத்திப் பாருங்கள். பழைய கிரீஸ் நம் குளிரில் இறுகிப் பாதியில் நின்றுவிடும். லென்ஸைப் பலகையில் பொருத்தும் வளையம் கூடவே வருகிறதா என்று கேளுங்கள். அது இல்லாமல் வாங்கிவிட்டு நான் லேத் பட்டறைக்கு மூன்று முறை நடந்தேன்.

எல்லாவற்றையும்விடப் பூஞ்சைதான் முக்கியம். டார்ச்சைப் பின்பக்கமிருந்து சாய்வாக அடித்துப் பாருங்கள். தூசி பரவாயில்லை, சின்னக் கீறலும் பரவாயில்லை. சிலந்தி நூல் மாதிரி கிளை பிரிந்திருந்தால் வேண்டாம். முற்றினால் கண்ணாடியையே அரித்துவிடும். துடைத்தாலும் தடம் போகாது. என்னுடைய முதல் லென்ஸை அழகான தோல் பெட்டியில், மர அலமாரியில் வைத்தேன். லவ்டேல் மழைக்காலம் ஒன்று போதுமாக இருந்தது. தோல் ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும். இப்போது காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல், உள்ளே சின்ன ஈரப்பதமானி. முள் 60ஐத் தாண்டினால் ஜெல்லைச் சூடாக்கிக் காயவைக்கிறேன். ஜன்னலோரம் வெயிலில் மட்டும் வைக்காதீர்கள். திரைச்சீலை பற்றிக்கொள்ளும்.

அக்காவின் லென்ஸில் பூஞ்சை இல்லை. அடுத்த ஞாயிறு மழை இல்லாவிட்டால் மொட்டைமாடியில், நிழலான பக்கமாக, கேமராவில் மாட்டிக் காட்டுகிறேன். நாலு விநாடி அசையாமல் உட்கார ஓர் ஆள் வேண்டும். அக்கா முதலில் உட்காருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.