சுலோகத்துக்கு முன் நிற்கும் பெயர்: தர்மசாஸ்திரத் தொகுப்புகளும் அவற்றின் சுவடிகளும்



வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர் 1906-இல் சம்ஸ்கிருதக் கல்லூரியைத் தொடங்கிய மயிலாப்பூரில், நிபந்தங்கள் எனப்படும் தர்மசாஸ்திரத் தொகுப்பு நூல்களைப் பற்றிப் பேசுவதில் மகிழ்ச்சி அடைகிறேன். தேவண்ண பட்டரின் ஸ்மிருதிசந்திரிகை, வரதராஜரின் வியவஹாரநிர்ணயம் ஆகியவை தென்னாட்டில் பெரிதும் மதிக்கப்பட்டவை. இவற்றில் ஆசிரியரின் சொந்த வாக்கு குறைவு. மனு, யாக்ஞவல்கியர், நாரதர் போன்றோரின் சுலோகங்களைப் பொருள்வாரியாக அடுக்கி, அவை முரண்படும் இடத்தில் முடிவு சொல்வார்.

பிருகஸ்பதி, காத்தியாயனர் ஆகியோரின் ஸ்மிருதிகள் முழு நூலாக நமக்குக் கிடைக்கவில்லை. காத்தியாயனரை பி. வி. காணே 1933-இலும், பிருகஸ்பதியைக் கே. வி. ரங்கசாமி ஐயங்கார் 1941-இலும், இத்தகைய தொகுப்புகளில் சிதறிக் கிடந்த மேற்கோள்களைத் திரட்டி மீட்டுக் கொடுத்தார்கள். மூலத்தை இழந்த நமக்கு மேற்கோளே மூலம்.

அந்த மேற்கோளை எவ்வளவு நம்பலாம்? என் கவலை எல்லாம் இதில்தான். ஒரு சுலோகத்துக்கு முன்னால் ‘பிருகஸ்பதி’ என்று எழுதிவிட்டு, அடுத்ததற்கு ‘ஸ ஏவ’, அதாவது ‘அவரே’, என்று குறிப்பது தொகுப்பாளர் வழக்கம். இடையில் ஒரு சுலோகத்தையும் அதன் ஆசிரியர் பெயரையும் ஏடெழுதியவர் விட்டுவிட்டால், பின்னால் வரும் ‘அவரே’ எல்லாம் வேறொருவரைச் சுட்டத் தொடங்கிவிடும். ஒரே சுலோகம் ஒரு தொகுப்பில் ஒருவர் பெயரிலும் இன்னொன்றில் வேறொருவர் பெயரிலும் வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஐரோப்பியத் திருச்சபைச் சட்டத் தொகுப்புகளிலும் இதே சிக்கல் உண்டு. 1025-இல் மறைந்த வோர்ம்ஸ் நகர ஆயர் புர்க்கார்ட், தம் தொகுப்பில் பல விதிகளை அறிந்தே வேறு பெரியோர் தலையில் ஏற்றினார். அவர் காலத்தில் வோர்ம்ஸிலேயே எழுதப்பட்ட தோல் சுவடிகள் வத்திக்கானிலும் பிராங்க்ஃபர்ட்டிலும் இருப்பதால், அவர் செய்த திருத்தங்களை இன்று கண்ணால் காணலாம். பனையோலைக்கு அந்த ஆயுள் இல்லை. நம்மிடம் இருப்பவை படிக்குப் படி எடுத்த ஏடுகள். அதனால் ஒரு தொகுப்பை இன்னொரு தொகுப்போடு வைத்துத்தான் சோதிக்க முடியும்.

அப்படிச் சோதிக்க முழு நூல் வேண்டும்; ஆனால் வரதராஜரின் நூலிலிருந்து பாகப்பிரிவினை, வாரிசுரிமைப் பகுதியை மட்டும் ஏ. சி. பர்னெல் 1872-இல் ஆங்கிலத்தில் வெளியிட்டார். நீதிமன்றத்துக்குத் தேவைப்பட்டது அதுதான். அடையாறு நூலகம் 1942-இல் மூலத்தை அச்சிட்ட பிறகே, சாட்சி, கடன், விசாரணை முறை எல்லாம் ஒன்றோடொன்று இணைந்த நூலாக அது நம் கைக்கு எளிதில் கிட்டியது. அந்தப் பதிப்புக்கு உழைத்தவர்களிடம் எனக்கு அளவற்ற மரியாதை உண்டு.

இந்நூல்கள் சாதியின் பெயராலும் பெண் என்பதாலும் விதித்தவை பலவற்றை நான் ஏற்கவில்லை. 1956-இன் வாரிசுரிமைச் சட்டம் பழைய விதிகளை ஒதுக்கியது நியாயமே. ஆனால் அந்த விதிகள் யார் பெயரால் அதிகாரம் பெற்றன என்பதை அறியவும் சுவடிதான் வேண்டும்.

கிரந்த எழுத்து படிக்கத் தெரிந்த இளைஞர்களிடம் ஒரு வேண்டுகோள். கடன் பற்றிய பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்மிருதிசந்திரிகை, வியவஹாரநிர்ணயம், பராசர ஸ்மிருதியின் விரிவுரையான பராசரமாதவீயம் ஆகிய மூன்றின் ஏடுகளிலும் ஒவ்வொரு சுலோகத்துக்கும் முன்னால் எந்தப் பெயர் நிற்கிறது, எங்கே ‘அவரே’ என்று மட்டும் இருக்கிறது என்று ஏடுவாரியாகப் பட்டியலிடுங்கள். காணேயும் ஐயங்காரும் திரட்டிய செய்யுள்களில் எவை உறுதியானவை, எவை ஐயத்துக்குரியவை என்பதை அந்தப் பட்டியலைக் கொண்டு பிரிக்கத் தொடங்கலாம்.