நியோரில் நின்ற சீக்கியப் படை

சீக்கிய வீரர்களின் துணிவு என்றதும் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது சாராகரி. 1897 செப்டம்பர் 12 அன்று, இன்றைய பாகிஸ்தானின் வடமேற்கு மலைப்பகுதியில், 36ஆம் சீக்கியப் படையின் 21 பேர் ஆயிரக்கணக்கான பழங்குடிப் போராளிகளை எதிர்த்து நின்று கடைசி ஆள் வரை மாண்டார்கள். அந்த 21 பேருக்கும் 'இந்தியன் ஆர்டர் ஆஃப் மெரிட்' விருது கிடைத்தது. விக்டோரியா கிராஸ் ஏன் இல்லை? இந்தியச் சிப்பாய்க்கு அது கிடையாது என்பதுதான் அன்றைய சட்டம். 1911இல்தான் அந்தக் கதவு திறந்தது.

சாராகரி வரை போவானேன்? நம் ஜொகூரிலேயே ஒரு கதை இருக்கிறது. குளுவாங் பக்கம் ரயிலில் போனவர்கள் நியோர் என்ற பெயரைப் பார்த்திருப்பார்கள். 1942 ஜனவரி இறுதியில் ஜப்பானியர் சிங்கப்பூரை நோக்கி வேகமாக இறங்கிக்கொண்டிருந்த நேரம். பின்வாங்கு, பின்வாங்கு என்பதே அன்று எல்லாப் படைகளுக்கும் வந்துகொண்டிருந்த கட்டளை. அப்போது 11ஆம் சீக்கிய ரெஜிமெண்டின் 5ஆவது பட்டாளம், லெப்டினன்ட் கர்னல் பார்க்கின் தலைமையில், எதிரியை நோக்கி முன்னேறியது. நியோர் அருகே சுற்றி வளைக்கப்பட்டபோதும் கலையவில்லை. துப்பாக்கி முனையில் கத்தியைச் செருகிக்கொண்டு பாய்ந்தார்கள். ஜப்பானியருக்குப் பலத்த சேதம். மலாயாப் போரில் இந்தியப் படை இப்படித் திருப்பி அடித்த இடங்கள் அதிகமில்லை.

இதே பட்டாளம்தான் முதல் உலகப் போரில் 47ஆம் சீக்கியப் படை என்ற பெயரில், 1914 அக்டோபரில் பிரான்சின் நோவ் ஷப்பேலில் போரிட்டுப் பாதி அழிந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

நியோருக்குப் பிறகு நடந்ததுதான் வேதனை. லயாங் லயாங் பக்கம் ஒரு ரயில் பாலம் நேரத்துக்கு முன்பே தகர்க்கப்பட்டது. சீக்கியர்கள் இருந்த 22ஆவது பிரிகேட் மறுபக்கம் சிக்கிக்கொண்டது. தகவல் சொல்லக் கம்பியில்லாத் தொடர்பும் இல்லை. அவர்களைத் தேடிப்போன டிவிஷன் தளபதி பார்ஸ்டோ ஜனவரி 28 அன்று கொல்லப்பட்டார். காயம்பட்டவர்களைச் சுமந்துகொண்டு, உணவில்லாமல், காட்டுக்குள்ளும் தோட்டங்களுக்குள்ளும் நடந்தார்கள். ஜொகூர் பாருவை நெருங்கும்போது, அதாவது ஜனவரி 31ஆம் தேதி காலையிலேயே, தாம்பாலம் தகர்க்கப்பட்டுவிட்டது. பிப்ரவரி 1 அன்று எஞ்சியவர்களில் பெரும்பாலோர் சரணடைந்தார்கள்.

பதக்கம் எப்படி வருகிறது? அதிகாரி பார்க்க வேண்டும், எழுத வேண்டும், எழுதியது மேலிடம் போய்ச் சேர வேண்டும். எழுத வேண்டிய அதிகாரியே கைதி முகாமில் கிடந்தால்? 1945க்குப் பிறகு சிலருடைய பெயர் மேலே போனது உண்மை. ஆனால் ரப்பர் மரத்தடியில் யாரும் பார்க்காமல் விழுந்த சிப்பாய்க்காக யார் எழுதுவது?

இன்னொரு சிக்கலும் உண்டு. 1942 பிப்ரவரி 17 அன்று சிங்கப்பூர் ஃபாரர் பார்க்கில் இந்தியக் கைதிகளைத் திரட்டி இந்திய தேசிய ராணுவத்துக்கு அழைத்தவரும் ஒரு சீக்கியர்தான், கேப்டன் மோகன் சிங். சிலர் சேர்ந்தார்கள். சேராதவர்களில் பலர் நியூ கினி வரை அடிமை வேலைக்குக் கப்பலேற்றப்பட்டார்கள். முன்னவரைப் பிரிட்டன் துரோகி என்றது. பின்னவரைச் சுதந்திர இந்தியா அதிகம் பேசவில்லை. மலேசியப் பாடப்புத்தகத்துக்கோ இருவருமே வெளியார்.

நியோரில் பாய்ந்தவர்களில் யார் எந்தப் பக்கம் போனார்கள் என்று பிரித்துப் பார்த்துத்தான் மரியாதை செய்ய வேண்டுமா? அந்த ஜனவரியில் அவர்கள் ஒரே வரிசையில் நின்றவர்கள்.

சிங்கப்பூரில் கிராஞ்சி நினைவிடத்தின் சுவர்களில், கல்லறை தெரியாத 24,000க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றில் இந்தியப் படைவீரர் ஏராளம். அங்கேயே தனியாக ஒரு தகன நினைவுச் சின்னமும் உண்டு. தங்கள் சமய முறைப்படி நெருப்புக்கு ஒப்படைக்கப்பட்ட ஏறத்தாழ 800 பேருக்கானது அது. அவர்களில் பெரும்பாலோர் இந்தியப் படையினர். பாலத்தைக் கடந்தால் அரை மணி நேரப் பயணம்தான்.