நான் பூட்டி வைத்த கேசட்

'எனக்குப் பிடித்த இசை' மாலையில் நான் பேசியதை எழுதித் தரும்படி செயலாளர் கேட்டார். அன்று வர முடியாதவர்களுக்காக இங்கே தருகிறேன்.

எனக்கு முன்னால் பேசியவர்கள் எம்.எஸ்., டி.எம்.எஸ்., இளையராஜா என்று நல்ல நல்ல பெயர்களாகச் சொல்லிவிட்டார்கள். நான் சொன்ன பெயர் அயர்ன் மெய்டன். முன்வரிசையில் இரண்டு பேர் காதைத் தேய்த்துக்கொண்டார்கள். 36 வருடம் பேங்க் கவுன்டரில் உட்கார்ந்த கிளார்க்குக்கும் ஹெவி மெட்டலுக்கும் என்ன சம்பந்தம் என்று உங்களுக்கும் தோன்றும். சொல்கிறேன்.

1987. திருவல்லிக்கேணியில் ஒரு போர்ஷனில் குடியிருந்தேன். டிப்ளமா முடித்த என் தம்பி, வேலை தேடி வந்து என்னோடு தங்கினான். கையில் ஒரு பை, ஒரு டேப் ரெக்கார்டர், ரெக்கார்டிங் கடையில் பதிந்து வாங்கிய ஒரு 90 நிமிடக் கேசட். அதுதான் அயர்ன் மெய்டனின் 'லைவ் ஆஃப்டர் டெத்'. 1985 அக்டோபரில் வெளியான இரட்டை இசைத்தட்டு.

ஒருநாள் பேங்கில் கேஷ் டேலி ஆகாமல் இரவு ஒன்பது மணிக்கு வீடு திரும்பினேன். வாசலிலேயே வீட்டுக்காரர் பிடித்துக்கொண்டார். "உங்க தம்பி என்ன சார் கத்த விடறான்?" என்றார். நேரே உள்ளே போய், ஓடிக்கொண்டிருந்த கேசட்டைப் பிடுங்கி டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். "வேலைக்கு வழியப் பாரு, இந்தக் கத்தல் சோறு போடாது" என்றேன். அவன் ஒன்றும் பேசவில்லை. அந்த மாதமே பம்பாயில் வேலை கிடைத்துப் போய்விட்டான். கேசட்டைக் கேட்கவும் இல்லை.

அவன் போன பிறகு வீடு அமைதியாகத்தான் இருந்தது. அந்த அமைதி எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பெட்டியைத் திறந்து, சத்தத்தைக் குறைத்து வைத்துப் போட்டேன்.

முதலில் வந்தது பாட்டே இல்லை. 1940-ல் சர்ச்சில் ஆற்றிய யுத்த காலப் பேச்சு. அது முடிந்ததும் பெருங்கூட்டத்தின் ஆரவாரத்தோடு 'ஏசஸ் ஹை' வெடிக்கிறது. பிரிட்டனைக் காத்த போர் விமானிகளைப் பற்றிய பாட்டு. குதிரை நாலுகால் பாய்ச்சலில் போவதுபோல் ஓடும் அந்த பேஸ் கிட்டார் ஸ்டீவ் ஹாரிஸ் வாசிப்பது. குழுவைத் தொடங்கியவரும் அவர்தான். அதற்கு மேலே டேவ் மர்ரே, ஏட்ரியன் ஸ்மித் இருவரின் கிட்டார்கள் ஜோடி நாயனம்போல் சேர்ந்தே போகின்றன. டிரம்ஸ் நிக்கோ மெக்பிரெய்ன். பாடுபவர் புரூஸ் டிக்கின்சன்.

என்னை உட்கார வைத்தது 13 நிமிடப் பாட்டு ஒன்று. கவிஞர் கோல்ரிட்ஜ் 1798-ல் வெளியிட்ட முதிய மாலுமியின் கதை. ஒரு பறவையைக் காரணமில்லாமல் கொன்றவன், கூட வந்தவர்கள் எல்லோரும் மாண்டபின் தனியாகத் தப்பி, தன் தப்பைக் காண்பவரிடமெல்லாம் சொல்லித் திரிகிறான். நடுவில் வாத்தியங்கள் அடங்கி, கப்பலின் மரம் கிரீச்சிடுவதுபோல் ஒரு சத்தம் மட்டும் கேட்கும். அதைக் கத்தல் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பிற்பாடு அந்தப் பதிவைப் பற்றிப் படித்துத் தெரிந்துகொண்டேன். 1984 ஆகஸ்டில் போலந்தில் தொடங்கிய சுற்றுப்பயணம் 1985 ஜூலை வரை நடந்தது. அதற்குள் 180க்கும் மேற்பட்ட கச்சேரிகள். ஆல்பத்தின் பெரும்பகுதி கலிஃபோர்னியாவின் லாங் பீச் அரங்கில், 1985 மார்ச்சில் பதிவானது. ஏழு மாதம் ஊர் ஊராகப் பாடிய தொண்டை அது.

நான் தொழில்ரீதியாக மதிக்கும் விஷயம் ஒன்று உண்டு. அந்தக் காலத்தில் மேடைப் பதிவை ஸ்டுடியோவுக்குக் கொண்டுபோய், பிசகிய இடங்களை மறுபடி பாடி, வாசித்து ஒட்டுவது சகஜம். ஜூடாஸ் பிரீஸ்ட் குழுவின் 1979 டோக்கியோ கச்சேரி ஆல்பத்தில் ராப் ஹால்ஃபர்ட் பின்னால் ஸ்டுடியோவில் பாடியதைச் சேர்த்தார்கள். அவரே அதை ஒப்புக்கொண்டார். அதுவும் அருமையான ஆல்பம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் ஹாரிஸ் அப்படி ஒட்டுப்போடுவதற்கு எதிரானவர். மேடையில் நடந்ததே பதிவில் இருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. லெட்ஜரில் தப்பு விழுந்தால் பிளேடால் சுரண்டக் கூடாது என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். கோடு போட்டு அடித்து, சரியான தொகையை மேலே எழுதி, பக்கத்தில் இனிஷியல் போட வேண்டும். தப்பும் தெரிய வேண்டும், திருத்தியவரும் தெரிய வேண்டும்.

ஆல்பம் மொத்தம் 100 நிமிடத்துக்குச் சற்று மேல். 90 நிமிடக் கேசட்டில் எப்படி அடங்கும்? நான்காவது பக்கம் தொடங்கிச் சற்று நேரத்தில், பாட்டின் நடுவிலேயே டேப் டக்கென்று நின்றுவிடும். பிறகு சி.டி. வாங்கினேன். பழைய சி.டி.யில் அந்த நான்காவது பக்கத்தையே விட்டுவிட்டிருந்தார்கள்! 1998-ல் வந்த இரட்டை சி.டி.யில்தான் லண்டன் ஹேமர்ஸ்மித் ஓடியன் அரங்கில் பதிவான அந்த ஐந்து பாட்டுகளும் திரும்பி வந்தன. அதை எனக்கு அனுப்பி வைத்தவன் தம்பி. கடிதம் எதுவும் இல்லை. சி.டி. மட்டும்.

2008 பிப்ரவரி 1. பழைய சுற்றுப்பயணத்தை நினைவூட்டும் எகிப்திய மேடை அலங்காரத்தோடு அந்தக் குழு புதிய உலகப் பயணத்தை மும்பையில் தொடங்கியது. குழுவை ஏற்றிவந்த போயிங் விமானத்தை ஓட்டியவர்களில் பாடகர் டிக்கின்சனும் ஒருவர்! அன்று இரவு எனக்கு போன் வந்தது. "அண்ணா, கேளு" என்று சொல்லிவிட்டு செல்போனை உயரத் தூக்கிப் பிடித்தான். எனக்குக் கேட்டது வெறும் இரைச்சல். என்ன பாட்டென்றுகூடத் தெரியவில்லை. பத்து நிமிடம் காதை எடுக்காமல் கேட்டேன்.

அன்றும் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை. அவன் இந்தப் பொங்கலுக்கு வருகிறான். அந்தக் கேசட்டைக் கையில் கொடுத்து, "அன்னிக்கு நான் செஞ்சது தப்புடா" என்று சொல்லப்போகிறேன். உங்கள் முன்னால் சொல்லிவிட்டதால் இனி பின்வாங்க முடியாது.

கேட்டுப் பார்க்க விரும்புகிறவர்கள் மாலுமிப் பாட்டில் தொடங்குங்கள். ஹெட்ஃபோன் போட்டுக்கொள்ளுங்கள், அக்கம்பக்கத்தாரும் மனிதர்கள்தானே. உங்கள் வீட்டுப் பிள்ளை இப்படி ஏதாவது கேட்டுக்கொண்டிருந்தால், சத்தத்தைக் குறைக்கச் சொல்லுங்கள், தப்பில்லை. சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பாட்டாவது கேளுங்கள்.